தரைப்பாலத்தை மறைத்த மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். காலையில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய், மத்தியானம் கூப்பிட்டால் சைட்டில் இருக்கிறாய், சாயங்காலம் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. பதினோரு நாளாக என் குரலைக் கேட்க உனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் இதையும் பிரிக்காமல் போட்டுவிடுவாய் என்று தெரியும். ஆகவே நாலு பேர் படிக்கிற இடத்தில் போடக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரும் உன் கம்பெனியின் பெயரும் இதில் இல்லை. பெற்ற பாவத்துக்கு அந்த ஒரு மரியாதை. வேறு மரியாதை எதையும் இதில் தேடாதே.

படிக்கிற நாலு பேருக்கும் விஷயம் தெரிய வேண்டுமல்லவா? கடலோரத்தில் ஓர் ஊரில் புதிய அணுமின் நிலையம் கட்டப் போகிறார்கள். அங்கே கட்டலாமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதிய குழுவில் நீ ஒருவன். சாலையைப் பற்றிய பகுதி உன் பொறுப்பு. வருகிற வியாழக்கிழமை அந்த ஊரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நீ மேடையில் உட்கார்ந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று விளக்கப் போகிறாய். அதே ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உன் அக்கா நர்சாக வேலை பார்க்கிறாள். அங்கேயேதான் குடியிருக்கிறாள். உன் அறிக்கையில் ஒரு பொய் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அதை நீயே திருத்துவாயா, மாட்டாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

போன மாதம் அந்த அறிக்கையின் ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் பூஜை அலமாரியில் வைத்தாயே, நினைவிருக்கிறதா? இங்கிலீஷில் தலையணை மாதிரி மூன்று தொகுதி, தமிழில் ஒல்லியாக ஒரு சுருக்கம். அதற்குக் குங்குமம் வேறு வைத்தாய். நம் பிள்ளையார்பாளையம் முழுக்க எவர் வீட்டிலும் இப்படி ஒரு சாமி கிடையாது என்று நான் சிரித்தேன். இட்லி தின்றுகொண்டே நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா. சைட்டு மேலயே முடிவாயிடுச்சி. நாங்க ஸ்டெப்ஸ் எல்லாத்தையும் முடிச்சிக் குடுக்கணும், அவ்ளோதான்." அப்போது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இன்னொரு இட்லி வைத்தேன். சாப்பிடும்போது பிள்ளையைத் திட்டக்கூடாது என்ற பழக்கம்தான் காரணம். அந்தப் பழக்கத்தை விட்டிருக்க வேண்டும்.

நீ போன பிறகு தமிழ்ச் சுருக்கத்தை எடுத்துப் படித்தேன். "நீ படிச்சி இன்னாம்மா ஆவப்போவுது" என்று பிறகு போனில் கேட்டாய். முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவளடா நான். வந்த கோப்பு, போன கோப்பு எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. காரணங்களை எழுதிவிட்டு முடிவுக்கு வந்த கோப்பு ஒரு மாதிரி இருக்கும். முடிவை எழுதிவிட்டுக் காரணம் தேடின கோப்பு வேறு மாதிரி இருக்கும். இரண்டாவதில் வாக்கியங்கள் ரொம்ப வழவழப்பாக இருக்கும், "ஆனால்" என்ற சொல்லே வராது. உன் சுருக்கம் முழுவதும் தேடினேன். ஓர் "ஆனால்" கூட இல்லை. வேறு இரண்டு இடங்களையும் பரிசீலித்ததாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு பக்கம், இந்த ஊருக்கு மட்டும் மீதிப் பக்கம் எல்லாம். பேசி முடித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, ஊருக்காக இன்னும் இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டு வருகிறவன் இப்படித்தான் செய்வான்.

பிறகு அந்த வரி வந்தது. "இவ்விடத்தை அடையும் சாலை எல்லாப் பருவங்களிலும் பயன்பாட்டுக்கு உகந்தது. அவசர காலத்தில் மக்களை வெளியேற்றுவது எளிது." நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். எந்தச் சாலையடா? அந்த ஊருக்குள் போக இருப்பது ஒரே சாலை. கழிமுகத்து ஓடையைத் தரைப்பாலத்தில் தாண்டித்தான் அது போகிறது. ஐப்பசி மழை பிடித்தால் தரைப்பாலம் தண்ணீருக்கடியில் போய்விடும். இது அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். உனக்கும் தெரியும். மூன்று தீபாவளிக்கு முன்னால் உன் அக்காவை அழைத்துவர நீதான் போனாய். இந்தக் கரையில் நீ பைக்கோடு நின்றாய், அந்தக் கரையில் அவள் பையோடு நின்றாள், நடுவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இருவரும் போனில் பேசிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். நனைந்து வந்து வாசலில் நின்று, "கண்ணுக்கு எதிர்ல நிக்கிதும்மா, ஆனா கூட்டியாற முடியல" என்றாய். அந்தப் பிள்ளைதான் இந்த வரியை எழுதியிருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்குக் கோபத்தைவிட அருவருப்புதான் முதலில் வந்தது.

தெரியாமல் எழுதியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். தெரிந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அதையும் சித்திரை வெயிலில் போய், ஓடை காய்ந்து கிடக்கும்போது போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறாய். ஆய்வுக்குப் போன அந்த இரண்டு நாளும் தங்கியது அக்கா வீட்டில். அவள் சமைத்ததைச் சாப்பிட்டாய், அவள் போட்ட பாயில் படுத்தாய். பக்கத்திலேயே இன்னொரு வரி, "விபத்து நேர்ந்தால் உள்ளூர் சுகாதார நிலையத்தின் மூலம் அயோடின் மாத்திரைகள் வழங்கப்படும்." அந்தச் சுகாதார நிலையத்தில் மாத்திரை வழங்கப் போகிறவள் உன் எதிரில் உட்கார்ந்து உனக்கு ரசம் ஊற்றினாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள், மாத்திரையை எங்கே வைப்பீர்கள், நடக்க முடியாதவர்கள் ஊரில் யார் யார் என்று கேட்டாயா? நான் அவளிடம் விசாரித்துவிட்டேன். நீ கேட்டதெல்லாம் ஊறுகாய் இன்னும் இருக்கிறதா என்பதுதான்.

பதினோரு நாளுக்கு முன்னால் இதைத்தான் போனில் கேட்டேன். நீ கத்தினாய். "கரண்ட்டு வேணாமா உனக்கு? நிலக்கரிப் புகையில ஜனங்க இருமிக்கினு கெடக்குறாங்களே, அது பரவால்லையா? உலகம் பூரா அணு உலை ஓடிக்கினுதான் இருக்குது." இதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கவில்லை. கரண்ட் வேண்டாம் என்று சொல்லும் பைத்தியக்காரி இல்லை நான். கோடையில் மின்விசிறி நின்றால் முதலில் புலம்புவது இந்த வாய்தான். அணு உலையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற அளவு எனக்குப் படிப்பு இல்லை. எனக்கு வரிசை தெரியும். எதை முதலில் கேட்க வேண்டும், எதைப் பிறகு கேட்க வேண்டும் என்பது கோப்பு பார்த்தவளுக்குத் தெரியும். நீங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, எல்லாப் படியும் ஏறியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கேள்வி அந்த ஊரே இல்லையடா. நமக்கு எவ்வளவு மின்சாரம் தேவை, அதை வேறு எப்படியெல்லாம் எடுக்கலாம், இதை எடுத்தால் லாபம் யாருக்கு, பயம் யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் வந்த பிறகு அடுத்தது. கட்டுகிறவனைக் கேள்வி கேட்கும் அதிகாரி கட்டுகிறவனிடமே சம்பளம் வாங்குகிறவனா, இல்லை வேண்டாம் என்றால் வேலையை நிறுத்தக்கூடியவனா? விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறதா, இல்லை நடந்த பிறகு கமிட்டி போட்டுத் தேடுவார்களா? எரிந்து முடிந்த எரிபொருளைத் தண்ணீரில் போட்டு வருஷக்கணக்காகக் குளிரவைக்க வேண்டும் என்று நீதான் எனக்கு ஒருமுறை படம் போட்டுக் காட்டினாய். அதற்குப் பிறகு அது எங்கே போகும், நீயும் உன் பேரனும் போன பிறகு யார் காவல் என்று கேட்டேன். "அதைப் பத்தி அப்புறம் முடிவு பண்ணுவாங்க" என்றாய். அப்புறமா? குழந்தை பிறந்த பிறகு வளர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்களா? ஐம்பது அறுபது வருஷம் கழித்து அந்தக் கட்டடத்தைப் பிரிக்க வேண்டுமே, அந்தக் கணக்கும் இன்றைக்கே போட வேண்டியதுதானே? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் இடம். அதிலும் ஓர் இடம் இல்லை, பல இடம். மண்ணை, பூமி நடுக்கத்தை, கடலை, குடிக்கிற தண்ணீரைப் பல மழையும் பல கோடையும் நின்று பார்க்க வேண்டும். ஒரு சித்திரையில் இரண்டு நாள் போதாது. கடைசியில் அங்கே இருக்கிற ஜனங்களிடம் போய், அவர்களுக்குப் புரிகிற தமிழில் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் வேண்டாம் என்றால் நாங்கள் திரும்பிப் போவோம் என்ற எண்ணத்தோடு கேட்க வேண்டும். அந்த எண்ணம் இல்லாமல் கேட்பதற்குப் பெயர் கேட்பது இல்லை. இத்தனையும் ஆன பிறகு, கட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்கலாம். நீங்கள் கூட்டத்துக்கு முன்பே சுற்றுச்சுவர் எழுப்ப ஜல்லி இறக்கிவிட்டீர்கள். லாரி போகிற சத்தத்தில் சுகாதார நிலையத்து ஜன்னல் அதிர்கிறது என்று உன் அக்கா சொல்கிறாள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று நீ நினைக்கலாம். ஊருக்காக வருகிற கோபம் பாதிதான். மீதி எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நானும் உன்னைப் போலத்தான். பதினாலு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உன் அக்காவுக்கு அந்த வரன் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல வேலை, சொந்த வீடு, ஒரே பையன். உன் அப்பாவுக்கு அரைமனசு. "மாப்பிள்ளை வீட்டாண்ட நாலு பேரை விசாரிச்சிட்டு வரேன், அப்புறம் பேசலாம்" என்றார். விசாரித்தால் வரன் கைவிட்டுப் போய்விடும் என்று நான் குதித்தேன். முகூர்த்தச் சேலையை நம் தறியிலேயே நெய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை என்பது தெரியும். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு அவரை நெருக்கினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பூ கேட்டுட்டுப் பாவு ஏத்தலாம், இன்னா அவசரம்?" நம் தெரு அம்மன் கோயிலில் பூக்கட்டிக் கேட்காமல் நம் வீட்டில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. நான் விடவில்லை. மாசம் நெருங்குகிறது, நாள் போதாது என்று சொல்லிச் சொல்லி, அரக்குப் பட்டில் பாவு நூலைத் தறியில் ஏற்ற வைத்தேன். பாவு ஏறிய தறியைப் பார்த்ததும் அவருக்கே கல்யாணம் நிச்சயமானது போல ஆகிவிட்டது. தெருவில் இரண்டு பேர் வந்து கரையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பூ கேட்கப் போனோம்.

இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட வேண்டும், வீட்டுப் பிள்ளை ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் நிறுத்து. பூசாரி வீட்டம்மாவுக்கு அன்று காய்ச்சல். பொட்டலத்தை நானே கட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கிணற்றடியில் உட்கார்ந்தேன். ஒன்றில் நந்தியாவட்டை வைத்து மடித்தேன். அரளியைக் கையில் எடுத்தேன். தறியில் ஏறியிருக்கிற பாவுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இப்போது சிவப்பு வந்தால் தெருவுக்கு என்ன சொல்வது, சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது? அரளியைக் கிணற்றுக்குப் பின்னால் எறிந்துவிட்டு இரண்டாவதிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். அந்த அரக்குச் சேலையை எந்தக் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார். கல்யாணம் நின்றால் பட்டு ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. இந்தச் சின்ன விஷயம் அன்று என் புத்தியில் ஏறவில்லை.

எடுத்தது யார் தெரியுமா? நீதான். காலேஜ் இரண்டாம் வருஷம், பெரிய மனுஷன் மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு வந்தாய். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாய். வெள்ளை என்றதும் உன் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீ அக்காவைப் பார்த்துச் சிரித்தாய். மிச்சப் பொட்டலத்தை நான் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வீட்டு அடுப்பில் போட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவான். முதல் மாதத்தில் அவள் போனில் சொன்னபோது, "புதுப் பொண்ணு, பாதுகாப்புக்குப் பூட்டுறாரு போல" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். இரண்டரை வருஷம் அவள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள். ஒருநாள் கேஸ் சிலிண்டரில் கசிவு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரை கொண்டு பூட்டை உடைத்தார்கள். அவளை அழைத்துவர நாம் போய் நின்றபோது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "பெத்த தாயையே வூட்டுல வெச்சிப் பூட்டிக்கினு போறவன்மா அவன். இந்தத் தெருவுல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களே, ஏம்மா நீங்க கேக்கல?" என்றாள். உன் அப்பா தலை குனிந்து நின்றார். அன்றையிலிருந்து சாகும்வரை அவர் அந்த அம்மன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அம்மன் பொய் சொல்லிவிட்டாள் என்று ஒரே ஒருதரம் சொன்னார். பொய் சொன்ன நான் அவருக்குப் பக்கத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது புரிகிறதா, உன் அறிக்கையை நான் எப்படிப் படித்தேன் என்று? இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவை வைத்துவிட்டு ஜனங்களைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்கிறீர்கள். உங்கள் தறியிலும் பாவு ஏறிவிட்டது. அதனால் தரைப்பாலம் கண்ணில் படவில்லை. அன்று நான் செய்த களவுக்கு உன் கையைப் பயன்படுத்திக்கொண்டேன், உனக்குத் தெரியாது, உன்மேல் பழி இல்லை. இன்று யாரோ உன் கையைப் பயன்படுத்துகிறார்கள். உனக்குத் தெரியும். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய். என்னைவிடவும் நீ மோசம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று நீ கேட்கலாம். இல்லைதான். ஆனால் நான் கெடுத்தது ஒரு பெண்ணின் இரண்டரை வருஷத்தை. நீ எழுதியிருப்பது ஓர் ஊரின் ஒரே வாசலைப் பற்றி.

நான் சொல்வது கஷ்டமான காரியம் இல்லை. உன் குழுத் தலைவரிடம் போ. அந்த வரி தப்பு, நான் எழுதியது, எனக்குத் தெரிந்தே தப்பு என்று எழுத்தில் கொடு. மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வேறு வரி எழுதுகிறேன், அதுவரை கூட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று கேள். வேலை போய்விடுமா? போகலாம். உன்னை இடுப்பில் சுமந்துகொண்டு ஆபீஸ் பஸ் பிடித்தவள் நான், இன்னும் கொஞ்ச நாள் சோறு போடுவேன். உலை வந்தே தீரும், நான் ஒருத்தன் சொல்லி நிற்குமா என்றாய் போனில். நிற்காமல் போகலாமடா. உன் வரியை நம்பி ஒருவன் அந்தத் தரைப்பாலத்தில் ஐப்பசியில் பஸ்ஸை இறக்கக் கூடாது. அது மட்டும் உன் கையில் இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு மடித்து வைத்தேன். உன்னை ஒப்புக்கொள்ளச் சொல்கிறவள் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டாமா? போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி உன் அக்கா வீட்டுக்குப் போனேன். பையில் இந்தக் கடிதமும், உன் அறிக்கைச் சுருக்கமும், கூட்டத்தில் கொடுப்பதற்காக என் பெயரில் நான் தட்டச்சு செய்த ஆட்சேப மனுவும் இருந்தன. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்தாள். பூ வந்த பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ரெண்டுலயும் வெள்ளையாம்மா?"

ஆமாம் என்றேன்.

"பொட்டலம் கட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். அதான் நீ கேக்கல."

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. மீனைக் கழுவி முடித்துக் குழம்பு கூட்டி வைத்தாள். எனக்குத் தட்டுப் போட்டுவிட்டு அவள் தனியாகச் சாப்பிட்டாள். இந்தக் கடிதத்தை அச்சில் போடலாமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்தரம் அவளை நான் ஒன்று கேட்டேன் என்று நினைக்கிறேன். "போடு. பேரு வேணாம். பேரை நான் வியாழக்கிழமை மைக்குல சொல்லிக்கிறேன்" என்றாள். நான் மேஜையில் வைத்திருந்த மனுவை எடுத்தாள். அதில் என் பெயரை அடித்தாள். உன் அறிக்கைச் சுருக்கத்தை ஒருதரம் புரட்டிவிட்டு, மனுவின் அடியில் நான் எழுதியிருந்த கேள்விகளையும் அடித்தாள். அங்கே தன் பெயரையும் வேலையையும் எழுதினாள். அதற்குமேல் ஒரே கேள்வி எழுதினாள். அந்த ஊரில் எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் பதினேழு பேர், அவர்களின் வீட்டுக்கு நான்தான் போய் மருந்து கொடுக்கிறேன், மழைக்காலத்தில் அவர்களை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்று எனக்குச் சொல்லுங்கள், என்று.

வியாழக்கிழமை நானும் கீழே உட்கார்ந்திருப்பேன், பேச மாட்டேன். அவள் உன்னைத் தம்பி என்று கூப்பிடப் போவதில்லை. சாலையைப் பற்றிய பக்கத்தை எழுதியவர் யார் என்றுதான் கேட்கப் போகிறாள். எழுந்து நில்.

இப்படிக்கு,
உன் அம்மா